25 மீட்டர் சென்டர் ஃபயருக்குப் பழைய .32 ரிவால்வர்: வெப்ளியா, ஸ்மித்தா, கோல்ட்டா?

அஸ்தம்பட்டி_32

வணக்கம். சேலம் மாநகர எல்லைக்குள் லைசென்ஸ், ஒரு கைத்துப்பாக்கிக்கு இடம் காலியாக இருக்கிறது. கிளப் ரேஞ்சில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் இலக்குப் போட்டி சுடத்தான் வேண்டும். பாதுகாப்புக்கோ இடுப்பில் செருகவோ இல்லை. புது பிஸ்டல் வேண்டாம், பழைய ஆறு அறை ரிவால்வர்தான் ஆசை. பார்க்கக் கிடைத்திருப்பவை:

1) கான்பூர் ஐ.ஓ.எஃப். (இந்திய ஆயுதத் தொழிற்சாலை) .32, 3 அங்குலக் குழல், அதிகம் சுடாதது.
2) வெப்ளி மார்க் 4, .32, இதுவும் 3 அங்குலம்.
3) ஸ்மித் அண்ட் வெஸன் ரெகுலேஷன் போலீஸ், .32 லாங், 4¼ அங்குலம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் தோல் உறையிலேயே பல வருடம் கிடந்தது.
4) கோல்ட் போலீஸ் பாசிட்டிவ், 4 அங்குலம்.
5) வெப்ளி .38, 5 அங்குலம். எல்லாவற்றிலும் மலிவு, கையில் பிடிக்கவும் இதுதான் சுகம்.

இலக்குக்கு எது தேறும்? வாங்கும் முன் எதை எதைச் சோதிக்க வேண்டும்? தோட்டா எது கிடைக்கும்? விவரமாகச் சொன்னால் நல்லது.

---

பகோடாபாயிண்ட்

முதலில் ஐந்தாவதை மறந்துவிடுங்க. .38, .455, 9 மிமீ கைத்துப்பாக்கிகள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட போர் (குழலின் உள்விட்டம்). உங்கள் லைசென்ஸில் அது ஏறாது. மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான், வாங்க ஆள் இல்லை. "குழலுக்குள் லைனர் (மெல்லிய உட்குழல்) அடித்து .32 ஆக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்க. உரிமம் இல்லாமல் ஆயுதத்தை மாற்றுவது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இல் நேராக மாட்டும்.

மற்ற நாலில் எதுவானாலும் வாங்கும் முறை ஒன்றுதான். டீலர் இல்லாமல் தனி நபரிடம் வாங்கினால், விற்பவர் தன் எண்ணத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். எஸ்டேட் ரிவால்வர் ஏற்காட்டு லைசென்ஸில் இருந்தால் அந்தப் பக்கம் ஆட்சியர் அலுவலகம், உங்கள் பக்கம் கமிஷனர் அலுவலகம். இரண்டு கோப்பும் சந்திக்கக் காலம் பிடிக்கும் என்பதால் முன்பணத்தை அளவாகக் கொடுங்க. அசல் உரிமையாளர் இறந்துபோய் வாரிசு இன்னும் தன் பெயருக்கு மாற்றவில்லை என்றால் அவர் விற்கவே முடியாது. முதலில் ஆயுத விதிகள் 2016, விதி 25-இன்படி வாரிசு லைசென்ஸ், அப்புறம்தான் விற்பனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான் என்பதால், அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து நல்ல சரக்கு சிலது வெளியே வந்தது. உங்கள் மூன்றாம் எண் அந்த வகையாக இருக்கலாம். குழலில், ஃபிரேமில், சிலிண்டரில் இருக்கும் எண்களை லைசென்ஸ் புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்க. எண் தேய்க்கப்பட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி சோதனை. பழைய ரிவால்வரில் கம்பெனி பெயர் பத்தில் இரண்டு பங்கு, அந்தக் குறிப்பிட்ட துண்டின் நிலை எட்டுப் பங்கு. ஒரு ஃபீலர் கேஜ் செட் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு சின்ன டார்ச், வெள்ளைத் தாள் எடுத்துக்கொண்டு போங்க. அறைகள் ஆறும் காலி என்று இருவர் பார்த்த பிறகுதான் எதுவும்.

*பூட்டு.* ஒரு விரலை சிலிண்டர் மேல் லேசாக வைத்து, உராய்வு கொடுத்தபடி ஹாமரை (தோட்டாவை அடிக்கும் பின்பாகம்) மிக மெதுவாக இழுங்க. ஹாமர் பின்னால் பிடிபடுவதற்கு முன்பே, அல்லது அதே நொடியில், சிலிண்டர் ஸ்டாப் தன் பள்ளத்தில் "டக்" என்று விழ வேண்டும். ஹாமர் பிடித்த பிறகும் சிலிண்டரைக் கையால் தள்ளித்தான் பூட்ட முடிகிறது என்றால் அந்த அறை குழலுக்கு நேராக வரவில்லை. குண்டு குழல் வாயின் ஓரத்தில் அடித்து ஈயம் சீவப்படும், பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் தெறிக்கும். ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்க. ஒன்று சரி என்றால் ஆறும் சரி என்று பொருள் இல்லை.

*ஆட்டம்.* டிரிகரைப் பின்னால் பிடித்தபடி ஹாமரை இறக்கிவிட்டு சிலிண்டரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்க. ஸ்மித்தில் மயிரிழை அசைவு இருக்கும், அது இயல்பு. பழைய கோல்ட்டில் டிரிகர் பின்னால் இருக்கும்போது அசைவே இருக்கக் கூடாது. அதன் ஹேண்ட் (சிலிண்டரைச் சுழற்றும் உள்பாகம்) சிலிண்டரை ஸ்டாப்போடு நெருக்கி இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் கோல்ட் சுட இனிமை, அதனால்தான் சீக்கிரம் தேய்மானமும்.

*இடைவெளி.* சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு அளவு, முன்னால் தள்ளி ஒரு அளவு. 0.10 முதல் 0.25 மிமீ வரை ஏற்கலாம், 0.15 சுற்றி இருந்தால் அருமை. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். அது 0.05-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

*குழல்.* பின்முனையின் புனல் வடிவ வாயில் விரிசல், குழி. முன்முனையின் விளிம்பில் நசுங்கல். நடுவே வெள்ளைத் தாளை வைத்து ஒளி வாங்கிப் பார்த்தால் ரைஃப்ளிங் (உள்ளே ஓடும் சுருள் வரிகள்) கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கலான குழல்கூட நன்றாகச் சுடும், முன்முனை விளிம்பு நசுங்கினது சுடாது. ஸ்மித், கோல்ட் இரண்டையும் முன்னாலிருந்துதான் தண்டு விட்டுத் துடைக்க முடியும். தலைமுறைக்கும் இரும்புத் தண்டு உரசியதில் பல குழல்கள் அங்கேதான் செத்திருக்கும்.

வெப்ளிக்கும் ஐ.ஓ.எஃப்.புக்கும் இன்னொன்று உண்டு. இரண்டும் மேல் கொக்கியை விடுவித்தால் குழல் கீழே மடிந்து திறப்பவை. மூடிய நிலையில் குழலைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் முறுக்கிப் பாருங்க. கீல் ஆணியிலோ மேல் கொக்கியிலோ ஆட்டம் தெரிந்தால், குழலும் பின் சைட்டும் (குறிபார்க்கும் பள்ளம்) ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். இலக்குக்கு அது உதவாது.

---

கன்னங்குறிச்சி_ரேஞ்ச்

மேலே சொன்ன சோதனையில் தேறியவற்றுக்குள் ஒப்பீடு சொல்கிறேன்.

25 மீட்டர் சென்டர் ஃபயர் விதிப்படி 7.62 முதல் 9.65 மிமீ போர் வரை செல்லும். எடை 1400 கிராமுக்குள், டிரிகர் குறைந்தது 1000 கிராம் தூக்க வேண்டும், குழல் 153 மிமீக்கு மிகக் கூடாது, முன்-பின் சைட் இடைத் தூரம் 220 மிமீக்கு மிகக் கூடாது. ரிவால்வரில் குழல் நீளம் என்றால் சிலிண்டர் சேராது. அதனால் 6 அங்குல ரிவால்வர், அதாவது 152.4 மிமீ, மயிரிழையில் உள்ளே வரும். உங்கள் நாலும் விதிக்குள் தாராளமாக அடங்கும். கவலை நேர் எதிர்ப்பக்கம்: எல்லாமே குட்டை.

சைட் தூரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு சுலபம். சைட்டில் நேரும் பிழையை 25,000-ஆல் பெருக்கி, சைட் தூரத்தால் (மிமீ) வகுத்தால் இலக்கில் விலகல். முன் சைட் 0.2 மிமீ நகர்ந்தால் 220 மிமீ துப்பாக்கியில் விலகல் சுமார் 23 மிமீ. அதே 0.2 மிமீ 125 மிமீ துப்பாக்கியில் 40 மிமீ. துல்லியச் சுற்றின் இலக்கில் 10 வளையத்தின் விட்டமே 50 மிமீ, மையத்திலிருந்து ஓரம் 25தான். ஆக அதே கை, அதே கண், ஆனால் ஒன்றில் பத்து, மற்றதில் ஒன்பது. அதனால் 3 அங்குல ஐ.ஓ.எஃப்.பையும் வெப்ளியையும் இலக்குக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஐ.ஓ.எஃப். .32 என்பதே வெப்ளி மார்க் 4-இன் வழிவந்ததுதான், இரண்டுக்கும் நடுவே தேர்வு செய்வதில் பெரிய அர்த்தம் இல்லை. ஐ.ஓ.எஃப்.பில் பாகம் கிடைக்கும், வெப்ளியில் டிரிகர் பொதுவாக மெருகு. இரண்டிலும் சைட் மெலிந்தது, சரிசெய்ய வழி இல்லாதது.

மிச்சம் ஸ்மித்தும் கோல்ட்டும். கோல்ட்டை எடுப்பதானால் முதலில் குழல் மேல் எழுத்தை வாசியுங்க. போலீஸ் பாசிட்டிவ் இரண்டு விதமான .32 தோட்டாவுக்கு வந்திருக்கிறது. குழலில் ".32 போலீஸ்" என்று இருந்தால் அது .32 ஸ்மித் லாங்கேதான், போட்டியாளர் பெயரைத் தன் துப்பாக்கியில் பொறிக்க கோல்ட்டுக்கு மனம் வராததால் வேறு பெயர். வெறும் ".32 கோல்ட்" என்றால் அந்த அறை ஒல்லி, இங்கே கிடைக்கும் .32 லாங் உள்ளேயே போகாது, அலங்காரப் பொருள்தான்.

சரியான அறை உள்ள கோல்ட் கிடைத்து, பூட்டும் கச்சிதமாக இருந்தால், ஒற்றைச் செயல் (ஹாமரைக் கையால் இழுத்து வைத்துச் சுடுவது) டிரிகரில் ஸ்மித்துக்குக் குறைந்தது இல்லை. ஆனால் டைமிங் (ஹாமரும் சிலிண்டர் பூட்டும் ஒத்து இயங்குவது) விலகினால் சரிபண்ணத் தெரிந்த உரிமம் பெற்ற கைவினைஞர் நம் பக்கம் அரிது, பாகமும் அரிது. ஸ்மித் ரெகுலேஷன் போலீஸ் 1917-இல் வந்தது, அதன் உள்ளமைப்பு தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சதுர அடி கொண்ட மரப்பிடி ஃபிரேமைத் தாண்டி நீள்வதால் நம் அளவுக் கைக்குச் சின்ன விரல்வரை இடம் கிடைக்கும். 4¼ அங்குலம் உங்கள் நாலில் நீளமானதும்கூட. என் ஓட்டு அதற்கு, பகோடா சொன்ன சோதனையில் தேறினால் மட்டும்.

தோட்டா பற்றி: கடையில் ".32 கொடுங்க" என்று மட்டும் கேட்காதீங்க. அஷானி போன்ற பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி. தோட்டாவும் அதே பெயரில்தான் புழங்குகிறது. அது ரிவால்வர் அறைக்குள் விழும், சில நேரம் வெடிக்கவும் செய்யும், ஆனால் அதன் அழுத்த வரம்பு 20,500 பி.எஸ்.ஐ. .32 லாங்கின் வரம்பு 15,000. நூறு வயது ஃபிரேமுக்கு அந்தச் சோதனை வேண்டாம். "ரிவால்வர் தோட்டா, ஸ்மித் லாங்" என்று கேட்டு, அடித்தட்டின் எழுத்தைப் பார்த்து வாங்குங்க. 98 கிரெய்ன் உருண்டை மூக்கு ஈயக் குண்டுதான் பொதுவாகக் கிடைப்பது. தட்டை மூக்கு வாட்கட்டர் தாளில் துளையைத் துப்புரவாக வெட்டும், உருண்டை மூக்கு கிழித்துக்கொண்டு போகும். வாட்கட்டர் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, போட்டியாளர் ஒதுக்கீட்டில் வருவது. பயிற்சிக்கு உள்நாட்டுத் தோட்டா போதும்.

ஒரு ஆறுதல்: சந்தேகத் துளையை அளக்கும் கேஜ் சென்டர் ஃபயரில் எல்லா போருக்கும் ஒன்றுதான், 9.65 மிமீ. .38-காரருக்கு வளையம் தொட்டுக் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்ற பேச்சு நம் கிளப்புகளில் இன்னும் ஓடுகிறது. அதில் உண்மை இல்லை.

---

செவ்வாய்ப்பேட்டை_ஓபன்சைட்

மாற்றுக் கருத்து. சைட் நகராத ரிவால்வரை வாங்கி மதிப்பெண் தேடுவது சுற்றுவழி. தோஹா 2006 ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா இதே சென்டர் ஃபயரில் 600-க்கு 590 எடுத்தார். அந்த உயரத்தை 1917 மாடல் போலீஸ் ரிவால்வர் தராது. கிளப்பின் .22 ஸ்டாண்டர்டு பிஸ்டலில் கையைப் பழக்கிவிட்டு அப்புறம் இதற்கு வாங்க. .22 தோட்டா மலிவு, உதைப்பு இல்லை, தவறு எங்கே என்று தெளிவாகத் தெரியும்.

ரிவால்வரேதான் வேண்டும் என்றால் சைட் சரிசெய்யக்கூடிய ஸ்மித் கே-32 மாஸ்டர்பீஸ் என்று ஒன்று உண்டு, பின்னாளில் மாடல் 16 என்று பெயர். .32 லாங், 6 அங்குலம், இலக்குக்கென்றே பிறந்தது. குறைவாகவே செய்தார்கள். 1980களின் நடுவிலிருந்து இறக்குமதி அடைபட்டுக் கிடப்பதால் இங்கே இருப்பதை விரல் விட்டு எண்ணலாம். கண்ணில் பட்டால் விடாதீங்க.

---

அஸ்தம்பட்டி_32

எல்லோருக்கும் நன்றி. கோல்ட்டில் ".32 கோல்ட்" என்றுதான் இருக்கிறது, எனவே அது போயிற்று. ஸ்மித்தைச் சோதித்துப் பார்த்தோம். எண்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன. விவரம்:

இடைவெளி பின்னால் தள்ளினால் 0.23, முன்னால் தள்ளினால் 0.13. ஐந்து அறை சரியாகப் பூட்டுகிறது, ஒன்று மட்டும் மெதுவாக இழுத்தால் பூட்டாமல் நிற்கிறது, வேகமாக இழுத்தால் பூட்டுகிறது. குழல் உள்ளே முன்பகுதியில் கறுப்புப் புள்ளிகள், ரைஃப்ளிங் தெரிகிறது. உறைப்பக்கம் சிலிண்டரில் பச்சைக் கறை, லேசான துரு.

உரிமையாளரே கிளப்பில் கொண்டுவந்து, பொறுப்பாளர் முன்னிலையில் சுடக் கொடுத்தார். மணல் மூட்டை இல்லாமல் ஒரு கையில், கறுப்பு வட்டத்துக்குக் கீழ் விளிம்பில் குறிவைத்து 25 மீட்டர். குரூப் மையத்துக்கு 90 மிமீ கீழே, 40 மிமீ இடது. நான் வலது கை. சைட் தூரம் வெர்னியரில் 135 மிமீ. இரண்டு முறை தோட்டா வெடிக்கவில்லை, மறுபடி அடித்ததும் வெடித்தது. முன் சைட்டை எவ்வளவு அராவினால் மையத்துக்கு வரும்?

---

கன்னங்குறிச்சி_ரேஞ்ச்

அராவாதீங்க! அரத்தைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயம்.

துல்லியச் சுற்று இலக்கின் கறுப்பு வட்டம் 200 மிமீ விட்டம். கீழ் விளிம்பில் குறிவைத்தீர்கள் என்றால் மையத்துக்கு 100 மிமீ கீழே குறிவைத்திருக்கிறீர்கள். குண்டு 90 மிமீ கீழே போயிருக்கிறது. அதாவது குறிவைத்த இடத்துக்கு 10 மிமீ மேலே. துப்பாக்கி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் போலீஸ் ரிவால்வர்கள் குறிவைத்த இடத்திலேயே அடிக்கத்தான் அமைத்தவை.

கணக்கு வேண்டுமானால்: 135 × 90 ÷ 25,000 = 0.49 மிமீ. அரை மிமீ அராவினால் கீழ் விளிம்புக் குறிக்குச் சரியாகும். ஆனால் வேகச் சுற்றில் இலக்கின் கறுப்பு 500 மிமீ. கீழ் விளிம்பு மையத்திலிருந்து 250 மிமீ தள்ளி இருக்கும், அங்கே நீங்கள் நடுவில்தான் குறிவைத்தாக வேண்டும். அராவிய துப்பாக்கி அப்போது 100 மிமீ மேலே அடிக்கும். சைட் நகராத துப்பாக்கிக்கு இரண்டு சுற்றிலும் நடுக்குறி ஒன்றே வழி. கறுப்பில் கறுப்பு சைட் மங்கும்தான், கண்ணை முன் சைட்டின் மேல் விளிம்பில் வைத்துப் பழகினால் சரியாகும். சைட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுக் கற்பூரப் புகை காட்டுங்க, பளபளப்பு போய்க் கூர்மை வரும். அராவிய உலோகம் திரும்ப வராது, அதுவும் உரிமம் பெற்றவர் கைவேலை.

இரண்டாவது, இடது 40 மிமீ. வலது கைக்காரருக்கு இடது பக்கம் விலகுவது பெரும்பாலும் டிரிகரைச் சுண்டுவதால். வேறொருவரைச் சாய்மானத்தில் சுடச் சொல்லுங்க. இன்னொரு சோதனை: நண்பர் ஒருவர் ஆறு அறையில் மூன்றில் தோட்டா, மூன்றில் போலித் தோட்டா என்று உங்களுக்குத் தெரியாமல் கலந்து போட்டுக் கொடுக்கட்டும். போலி வரும்போது குழல் குத்துகிறதா என்று பாருங்க. குத்தினால் சைட்டில் குற்றம் இல்லை.

அறைகளையும் பிரித்துப் பாருங்க. சிலிண்டரில் மார்க்கர் பேனாவால் 1 முதல் 6 எழுதி, சாய்மானத்தில் ஒவ்வொரு அறைக்கும் தனித் தாளில் ஐந்தைந்து. முப்பது தோட்டா செலவு, ஆனால் லைசென்ஸில் எழுதியிருக்கும் ஒதுக்கீட்டை இதைவிட நல்லபடி செலவழிக்க முடியாது. நம் போட்டியில் ஒரு தொடருக்கு ஐந்தே குண்டு, மோசமான அறையை வெறுமையாக விடலாம். அந்த வெற்று அறை ஹாமருக்குக் கீழே இருக்கும்படி சிலிண்டரை மூடுங்க. முதல் இழுப்பில் அடுத்த அறை வரும், ஐந்தும் முடியும்வரை வெற்று அறை குழலுக்கு நேரே வராது. இவ்வளவு பழைய துப்பாக்கியில் ஹாமர் உயிர்த் தோட்டா மேல் உட்காராமல் இருப்பதும் நல்லது.

---

பகோடாபாயிண்ட்

மற்றவற்றுக்குப் பதில்.

0.23-க்கும் 0.13-க்கும் வித்தியாசம் 0.10. அது வரம்புக்கு இரண்டு மடங்கு. பயந்து ஓட வேண்டாம், யோக்கின் (சிலிண்டரைத் தாங்கி வெளியே மடியும் கை) குழாய் முனையில் 0.05 மிமீ எஃகு வளையம் ஒன்றிரண்டு போட்டால் அடங்கும். ஆனால் வளையம் சிலிண்டரைப் பின்னால் தள்ளும், இடைவெளி 0.23-ஐ ஒட்டியே நிற்கும், அது 0.25-ஐத் தாண்டாமல் பொருத்த வேண்டும்.

ஒரே அறை மட்டும் பூட்டவில்லை என்றால் பழி அந்த அறைக்கு நேரான ராச்செட் பல்லின் (ஹேண்ட் தள்ளும் பல்) மேல். ஆறும் பூட்டவில்லை என்றால்தான் ஹேண்ட் தேய்ந்தது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, எஜெக்டர் நட்சத்திரத்தை (காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் தட்டு) தூக்கி அடியில் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது. எரியாத மருந்துத் துகள் ஒன்று அடியில் இருந்தாலே நட்சத்திரம் சாய்ந்து இதே அறிகுறியைக் காட்டும். காலித் தோட்டாவைத் தள்ளும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்தால் அந்தத் துகள் அங்கே விழாது. தரையைப் பார்த்துத் தள்ளுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

எஜெக்டர் தண்டையும் விரலால் இறுக்கிப் பாருங்க. பழைய ஸ்மித்தில் அது வலது மரை. சிலிண்டர் சுழலச் சுழலத் தானே கழன்று முன்னால் நீண்டுவிடும், அப்புறம் சிலிண்டர் திறக்காது. தோட்டா உள்ளே இருக்கும்போது அப்படி ஆனால் ரேஞ்சே நின்றுவிடும். 1960-ஐ ஒட்டித்தான் இடது மரைக்கு மாற்றினார்கள். இறுக்கும்போது காலித் தோட்டாக்களை அறையில் போட்டுவிட்டு இறுக்குங்க, இல்லையேல் நட்சத்திரத்தின் வழிகாட்டி முள் வளையும்.

வெடிக்காத தோட்டா: பிடியின் முன்பக்கம் கீழே ஒரு சிறு ஸ்குரூ இருக்கும், மெயின் ஸ்பிரிங்கை அழுத்துவது. டிரிகர் லேசாகட்டும் என்று யாரோ அதைத் தளர்த்தியிருப்பார்கள். அதை முழுக்க இறுக்கிவிட்டு மறுபடி பாருங்க. இறுக்கிய பிறகும் அப்படியே என்றால் ஸ்பிரிங் தளர்ந்தது, அல்லது தோட்டா பழையது. எப்படியானாலும் "கிளிக்" மட்டும் கேட்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்க. தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அதைவிட ஆபத்து, "புஸ்" என்று சத்தம் குறைந்து வெடிப்பது. குண்டு குழலிலேயே நின்றிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். சத்தம் மாறினால் உடனே நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டுத் தண்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

கறுப்புப் புள்ளி ஈயக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது சுட்டதும் குரூப் விரிகிறதா என்று கவனிங்க. விரிந்தால் நடுவில் ஒருமுறை பித்தளை பிரஷ் போதும். அதற்காகவே துப்பாக்கியைத் தள்ள வேண்டியதில்லை, விலையைக் குறைக்கலாம்.

---

குப்பனூர்_ரோடு

பச்சைக் கறை பற்றி யாரும் சொல்லவில்லையே. தோல் உறை பதப்படுத்திய ரசாயனமும் ஏற்காட்டு மூட்டமும் சேர்ந்தால் வருவது அது. 1500 மீட்டர் உயரத்தில் ஜூனில் தொடங்கும் மழை டிசம்பர்வரை விட்டுவிட்டு இருக்கும், அலமாரிக்குள்ளேயே ஈரம் இறங்கும். உறை எடுத்துச் செல்ல மட்டும், வைத்திருக்க இல்லை. மேலே ஏற்காட்டில் வைத்துக்கொண்டு கீழே சேலத்தில் சுடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஏறி வீடு சேரும்போது, கீழே சூடான ஈரக் காற்றோடு மூடிய பெட்டி மேலே குளிர்ந்து, உள்ளே இரும்பின் மேல் பனி பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் பெட்டியிலேயே பூட்டாமல், அறைக் குளிருக்கு வந்த பிறகு துடைத்து, அப்புறம் பூட்டுங்க.

சுத்தம் செய்யும் வரிசை: தோட்டா பழைய சரக்கு என்று சந்தேகம் இருந்தால் முதலில் கொதிநீர். பழைய பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடி) விட்டுச் செல்லும் உப்பு நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பூசினால் உப்பு அடியிலேயே இருந்து அரிக்கும். நீர் விட்ட பின் நன்றாக உலர்த்தி, சால்வென்ட் நனைத்த துணி, பித்தளை பிரஷ், மறுபடி துணி. ஸ்மித்தில் முன்னாலிருந்து விடுவதால் தண்டுக்கு விளிம்பைக் காக்கும் கூம்பு வளையம் போடுங்க, அல்லது மேலுறை பூசிய தண்டு. ஈயம் படிந்த புனல் வாய்க்கு உண்மையான தாமிரக் கம்பித் தேய்ப்பான் இழை நாலைந்து பிரஷ்ஷில் சுற்றி. தாமிர நிறம் பூசிய இரும்பு கடையில் நிறைய இருக்கிறது, காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்க. கடைசியில் மெல்லிய எண்ணெய், அறைகளுக்குள் மட்டும் உலரத் துடைத்து. அறையில் நிற்கும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் அதுவும் வெடிக்காத தோட்டாதான்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறினால் தோசைக்கல்லில் குறைந்த தீயில் வறுத்து மறுபடி போடலாம். சுட்ட கையைக் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவாமல் வடை எடுக்காதீங்க, ஈயம்.

---

அஸ்தம்பட்டி_32

ஸ்குரூ இரண்டு சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கியதும் வெடிக்காத தொல்லை இல்லை. ஆனால் இப்போது டிரிகர் கனமாக இருக்கிறது. ஒற்றைச் செயலில் 1000 கிராம் எடையைத் தாராளமாகத் தூக்குகிறது, 1600-ம் தூக்குகிறது. குறைக்க வழி? வேகச் சுற்றில் மூன்று வினாடிக்குள் ஹாமர் இழுத்துச் சுட முடியுமா?

---

கன்னங்குறிச்சி_ரேஞ்ச்

1600 பழைய ரிவால்வருக்கு இயல்புதான். ஸ்குரூவை மறுபடி தளர்த்திக் குறைக்காதீங்க, சியர் முனையை (இழுத்த ஹாமரைப் பிடித்து நிறுத்துவது) கல்லில் தேய்க்கவும் வேண்டாம். அந்த முனையின் கடினப்பட்ட மேல்தோல் மெல்லியது. அது போனால் ஹாமர் நிற்காது, தட்டினாலே விழும். உள்ளே உறைந்த பழைய எண்ணெயை உரிமம் பெற்றவரிடம் கழற்றிக் கழுவினாலே இழுவையின் கரகரப்பு போகும். எடை குறையாவிட்டாலும் உடைவது துப்புரவாகும், அதுதான் வேண்டியது.

வேகச் சுற்றில் இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். மூன்றில் இழுக்க வேண்டாம். மறைந்திருக்கும் ஏழில், சுடும் கையின் கட்டைவிரலாலேயே ஹாமரை இழுத்து, பிடியைச் சரிசெய்து, கையை 45 பாகைக்கு இறக்கி, விரலை டிரிகர் காப்புக்கு வெளியே வைத்துக் காத்திருங்க. கட்டைவிரல் போகும்போது பிடி நழுவி ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் உட்காருவதுதான் இங்கே புள்ளியைத் தின்பது. கை உயர்ந்து பிடித்தால் ஒரு இடம், தாழ்ந்து பிடித்தால் வேறு இடம். அதற்கு வீட்டில் போலித் தோட்டா போட்டு, ஹாமர் இழுப்பதை மட்டும் தனியாகப் பழகுங்க. திரும்பும் இலக்கு இல்லாத ரேஞ்சில் கைபேசியில் 7-3 மணியடிக்கும் ஒலிக்கோப்பு செய்துகொண்டால் போதும்.

---

பகோடாபாயிண்ட்

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வார்கள், காவல் நிலையத்திலோ டீலரிடமோ. டீலரிடம் என்றால் ரசீதில் எண், குழல் நீளம், மரப்பிடி எல்லாம் எழுதி வாங்குங்க. ஒப்படைக்கும் முன் வழக்கத்தைவிடக் கெட்டியாக எண்ணெய் பூசி, தோல் உறையில்லாமல் துணிப் பையில் கொடுங்க. இரண்டு மாதம் அங்கே யாரும் துடைக்க மாட்டார்கள்.